தாமார்க்கன் பாலமும் ஒரு பீரங்கிப் படை அதிகாரியின் விருதும்

சயாம்–பர்மா இரயில்பாதையைக் குறித்துத் தமிழில் எழுதப்படுவனவற்றுள் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசியின் பெயர் அரிதாகவே தோன்றும். அவர் மலாயாத் தமிழர் உழைத்த அதே பாதையில் போர்க் கைதியாக இருந்தவர். அவர் பெற்ற விருது எதற்காக வழங்கப்பட்டது என்பதை அறிந்தால், வீரவிருதுகள் எவரைச் சென்றடைகின்றன, எவரை அடைவதில்லை என்பது விளங்கும்.

1904இல் பிறந்த டூசி, லிவர்பூலில் வங்கி அலுவலராகப் பணியாற்றியவர். பகுதிநேரப் படையில் பீரங்கிப் பயிற்சி பெற்றவர். 1940இல் டன்கிர்க்கிலிருந்து மீண்டார். பின்னர் 135ஆம் களப் பீரங்கி ரெஜிமெண்டின் தலைவராகச் சிங்கப்பூருக்கு வந்தார். 1942 பிப்ரவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன், தப்பிச் செல்லுமாறு அவருக்கு ஆணை பிறந்தது. தம் வீரர்களை விட்டுச் செல்ல அவர் மறுத்துவிட்டார். சிங்கப்பூர்ப் போரில் அவர் காட்டிய துணிவுக்கே டி.எஸ்.ஓ. விருது அளிக்கப்பட்டது.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதன்பின் நிகழ்ந்தவற்றால்தான். காஞ்சனபுரியை அடுத்த தாமார்க்கன் முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்த அவர், 1943இல் மரப்பாலமும் இரும்புப்பாலமும் எழுந்த காலத்தில், உணவு, ஓய்வு, நோயாளர் நலன் ஆகியவற்றுக்காகக் காவலரிடம் ஓயாது வாதாடினார். அதற்காக அடியும் பட்டார். பியர் பூலின் புதினமும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படமும் காட்டும் நிக்கல்சன் என்னும் அதிகாரி எதிரியின் பாலத்தைத் தம் பெருமையாகக் கருதியவர். டூசி அப்படிப்பட்டவரல்லர் என்று முன்னாள் கைதிகள் வன்மையாக மறுத்துரைத்தனர். 1974இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

டி.எஸ்.ஓ. 1886இல் நிறுவப்பட்டது, 1993 வரை அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. இத்தகைய விருதுகள் மேலதிகாரியின் பரிந்துரை, கண்டவர் சான்று, பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியவற்றின் மேல் நிற்பவை. கைதிகளிடம் இவை யாவும் இருந்தன. முகாம்களில் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தோர் பட்டியலும் மறைவாகவேனும் எழுதப்பட்டது.

அப்பாதையில் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை அதைப் போலப் பன்மடங்கு. துல்லியமான எண்ணிக்கை எவராலும் உறுதிப்படுத்தப்படவில்லை. மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் 70,000க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவருள் தமிழரே மிகுதி. காலராக் கண்ட நோயாளியைக் கைவிடாது காத்தவர் அவர்களிடையேயும் இருந்திருப்பர். ஆயினும் அதை எழுதிவைக்க ஒரு மேலதிகாரி இல்லை. அவ்வனுபவத்தின் பெரும்பகுதி வாய்மொழியிலும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்' போன்ற புதினங்களிலுமே தங்கியுள்ளது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைகளில் நேசநாட்டு வீரர் பலர் பெயரோடு துயில்கின்றனர். தொழிலாளருக்கு அங்கே இடமில்லை. விந்தை என்னவெனில், 1944இல் ஜப்பானியர் தாமார்க்கனில் இறந்தோர் நினைவாக எழுப்பிய தூணில் தமிழிலும் ஒரு கல்வெட்டு உண்டு. பாலத்தைக் காண வருவோருள் பலர் அதை நோக்காமலே கடந்து செல்கின்றனர்.