இரு உரையாடல்கள்: ஆத்திகரும் நாத்திகரும் பேசிக்கொள்ளும் விதம் பற்றி

1891 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி இலண்டனில் சாள்ஸ் பிரட்லோ காலமானார். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இந்தியாவின் நலனுக்காகக் குரல்கொடுத்தவர் அவர். தம்மை நாத்திகர் எனப் பகிரங்கமாகக் கூறிக்கொண்டவரும் ஆவார். அவரது இறுதி நிகழ்வுக்கு இலண்டன் வாழ் இந்தியர்கள் பெருந்தொகையாகச் சென்றனர். சட்டம் பயின்றுகொண்டிருந்த இருபத்தொரு வயது மோகன்தாஸ் காந்தியும் அவர்களுள் ஒருவர். பாதிரிமார் சிலரும் மரியாதை செலுத்த வந்திருந்தனர்.

திரும்பும் வழியில் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மறித்து, கடவுள் உண்டென நம்புகிறீரா என்று வினவினார். அவர் தாழ்ந்த குரலில் ஆம் என்றார். பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்பதை ஏற்கிறீரல்லவா, அப்படியாயின் உமது கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று பாதிரியார் கூறியபோது, தம்மைச் சிறுபிள்ளையாக எண்ண வேண்டாம் என்று எள்ளிவிட்டு, வெற்றிப் பெருமிதத்துடன் சுற்றி நின்றவர்களை நோக்கினாராம் அந்த மனிதர். பாதிரியார் மௌனமானார். நாத்திகத்தின் மீது தமக்கிருந்த வெறுப்பு அன்று மேலும் வளர்ந்ததாகக் காந்தி குறிப்பிடுகிறார்.

அந்த நாத்திகர் பாதிரியாரிடம் பேசவில்லை. பார்வையாளரிடமே பேசினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆத்திகர்களும் இதற்கு விலக்கல்லர். எமது நாட்டில் 1873 ஆகஸ்ட் மாதம் பாணந்துறையில் பௌத்த பிக்குவும் கிறிஸ்தவப் போதகரும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதிட்டபோதும் செவிகள் எதிராளியின் பக்கம் இருக்கவில்லை. வாதத்துக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் அதனை உரையாடல் என்று அழைப்பது பொருந்தாது.

புகையிரத நிலையத்தில் அந்தக் காட்சியைக் கண்ட அதே காந்தி, 53 ஆண்டுகளின் பின்னர் வேறொரு நாத்திகருடன் பேசினார். அந்த மனிதர் கோரா எனப்படும் கோபராஜு ராமச்சந்திர ராவ். 1902 இல் தெலுங்குப் பிராமணக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். தாவரவியல் பட்டதாரி. மதுரையில் அமெரிக்கன் கல்லூரியில் கற்பித்தார். 1920 களின் பிற்பகுதியில் எமது கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் சிலகாலம் விரிவுரையாளராக இருந்தார். இந்த விடயத்தை இன்று எம்மவரில் பலர் அறியார். பின்னர் ஆந்திரத்துக்குத் திரும்பிய அவர், தமது கொள்கை காரணமாகக் கல்லூரி வேலைகளை இழந்தார். 1940 இல் கிருஷ்ணா மாவட்டத்தின் முதுநூர் கிராமத்தில் நாத்திக மையத்தை அமைத்தார். துணைவியார் சரஸ்வதியும் உடன் நின்றார். தீண்டாமைக்கு எதிராகச் சகல சாதியினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சமபந்தி விருந்துகளை நடத்துவது அவர்களுடைய முக்கிய பணியாக இருந்தது.

கோரா 1930 இலேயே காந்திக்குக் கடிதம் எழுதிக் கடவுள் என்ற சொல்லுக்குத் தாங்கள் கொள்ளும் பொருள் யாதென வினவியிருந்தார். கடவுள் மனித அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்ற அளவில் சுருக்கமான பதில் வந்தது. 1941 இல் மீண்டும் எழுதினார். நாத்திக நோக்கில் தீண்டாமை ஒழிப்பு வேலை செய்துவருவதாகவும், நேரிற் சந்தித்துப் பேச விரும்புவதாகவும் தெரிவித்தார். இம்முறை கிடைத்தது ஏறக்குறைய ஒரு மறுப்பு. நாத்திகம் தன்னைத் தானே மறுப்பது. உமக்கு வெற்றி ஏதும் கிடைத்திருப்பின் அது உமது நேர்மையான உழைப்பினால் வந்தது. பேசுவதற்கு எனக்கு நேரமில்லை என்ற கருத்துப்பட எழுதிவிட்டார் காந்தி. மகாத்மா எனப் போற்றப்படுபவரும் நாத்திகர் ஒருவருக்குக் கதவைத் திறக்க ஆண்டுகள் பிடித்தன. கோராவின் பணியை நேரிற் கண்டிருந்த காங்கிரஸ் ஊழியர் ஒருவர் சேவாக்கிராமம் சென்று எடுத்துரைத்த பின்னரே அழைப்பு வந்தது.

1944 நவம்பர் மாத இறுதியில் கோரா சேவாக்கிராமத்தை அடைந்தார். காந்திக்கு அப்போது 75 வயது. அவ்வாண்டு பெப்ரவரியிற் சிறைக்காவலிலேயே கஸ்தூர்பாவை இழந்து, மே மாதத்தில் விடுதலையாகியிருந்தார். மாலை நடையின்போது பேச்சு ஆரம்பமானது. கடவுளற்ற ஒருவருடன் நான் எதைப் பேசுவது என்று காந்தி சிரிப்புடன் தொடங்க, தாம் கடவுளற்றவர் அல்லர், நாத்திகர் என்று கோரா திருத்தினார். கடவுளற்ற நிலை வெறும் இன்மை. நாத்திகமோ மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் நிலை. அதற்குத் தன்னம்பிக்கையே அடிப்படை என்பது அவரது விளக்கம். இந்த வேறுபாட்டைக் காந்தி தட்டிக்கழிக்கவில்லை. அப்படியானால் அதைச் செயலில் விளக்கும் என்றார்.

கோரா தத்துவ நூல்களை நாடவில்லை. கல்கத்தாவைப் பற்றிக் கூறினார். 1943 வங்காளப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் வரையான மக்கள் மாண்டனர். பட்டினியால் வாடியவர்கள் தின்பண்டங்கள் நிறைந்த கடைகளின் முன்னே நடைபாதையில் வீழ்ந்து இறந்ததை அவர் கண்டிருந்தார். பசித்தவன் ஏன் கைநீட்டி எடுக்கவில்லை? உண்டவன் ஏன் கொடுக்கவில்லை? இருவருமே அதனை விதி என்றும் இறைவன் சித்தம் என்றும் ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பதே அவரது வாதம். அந்த நம்பிக்கை நீங்கினால் பசித்தவன் தன் உரிமையை உணர்வான், உண்டவன் தன் பொறுப்பை உணர்வான் என்றார்.

இந்த வாதத்தில் எமக்கு முழு உடன்பாடில்லை. பசித்தவனைக் கைநீட்டாமற் செய்தது விதி நம்பிக்கை மாத்திரமா, அன்றிக் காவல்துறையின் தடியும் உடலின் சோர்வுமா என்று கேட்கலாம். இறையச்சத்தினாலேயே கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களும் எந்தப் பஞ்சத்திலும் உண்டு. ஆயினும் கோரா வைத்த கேள்வி இலண்டனில் கேட்கப்பட்ட கேள்வியைப் போன்றதன்று. கடவுளின் அளவு என்ன என்பதற்கு எவராலும் விடைகூற இயலாது. உமது நம்பிக்கை வீதியிற் கிடப்பவனுக்கு என்ன செய்தது என்பதற்கோ ஒவ்வொரு ஆத்திகனும் விடைகூறியாக வேண்டும்.

காந்தி நீண்டநேரம் செவிமடுத்தார். உமது பேச்சில் ஓர் இலட்சியத்தைக் காண்கிறேன் என்றார். எனது ஆத்திகம் சரியென்றோ உமது நாத்திகம் பிழையென்றோ தம்மால் முடிந்த முடிபாகக் கூற இயலாதென்றும், இருவரும் உண்மையைத் தேடுவோரே என்றும், யார் சரியென்பதை விளைவுகள் காட்டட்டும் என்றும் சொன்னார். அதன்பின் நான் உமது வழிக்கு வரலாம், நீர் எனது வழிக்கு வரலாம், இருவருமே மூன்றாவது வழியொன்றிற் செல்லவும் கூடும் என்ற கருத்தையும் தெரிவித்தார். உமது முறை எனது முறைக்கு மாறானதாயினும் உதவுவேன் என்பதே அவர் தந்த உறுதி. கோரா இவற்றைப் பின்னர் ஒரு நூலாக எழுதினார். காந்தியின் நெருங்கிய தொண்டரும் ஆழ்ந்த சிந்தனையாளருமான கிஷோர்லால் மஷ்ருவாலாவின் முன்னுரையுடன் 1951 இல் நவஜீவன் அதனை வெளியிட்டது.

இதனால் காந்தியின் நம்பிக்கை தளர்ந்ததென எவரும் கொள்ளத் தேவையில்லை. அவரது பிரார்த்தனைக் கூட்டங்கள் இறுதிநாள் வரை தொடர்ந்தன. பிரார்த்தனைக்கு நடந்து செல்கையிலேயே அவர் சுடப்பட்டார். கோராவும் 1975 இல் இறக்கும்வரை நாத்திகராகவே இருந்தார். ஒருவரையொருவர் மாற்றவில்லை என்பதால் உரையாடல் தோற்றது என்று கூறுவோர், புகையிரத நிலையத்தின் அளவுகோலைக் கொண்டே இதனையும் அளக்கின்றனர். காந்தியின் தரப்பில் இதற்கான தளம் முன்னரே அமைந்திருந்தது. 1931 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிற் பேசியபோது, கடவுளே உண்மை எனத் தாம் கூறிவந்ததை மாற்றி, உண்மையே கடவுள் எனக் கூறுவதாக விளக்கினார். கடவுளை மறுப்போரும் உண்மையை மறுப்பதில்லை என்பதே அவர் காட்டிய காரணம்.

மறுப்போருடன் அமர்ந்து பேசுவது எமது மரபுகளுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் கதாநாயகி வஞ்சி நகரிற் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். கண்ணாற் காண்பதன்றி வேறெதையும் ஏற்காத பூதவாதியும் அவர்களுள் ஒருவன். உன் தாய் தந்தையர் இன்னாரென்பதை நீ அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என்று அவள் அவனை மடக்குகிறாள். கேட்டு முடித்த பின்னரே மடக்குகிறாள் என்பது முக்கியம். அப்பாஸிய கால பக்தாதில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள், மஜூஸிகள், காலமே அனைத்துமென வாதிடும் தஹ்ரிகள் ஆகிய அனைவரும் ஒரே சபையில் அமர்ந்து விவாதித்தனர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினிலிருந்து அங்கு சென்ற அறிஞர் ஒருவர், தத்தம் வேதத்தை ஆதாரமாகக் காட்டாது பகுத்தறிவினால் மட்டுமே பேசவேண்டும் என்ற நிபந்தனை அச்சபையில் ஏற்கப்பட்டதைக் கண்டு திடுக்கிட்டார். இரு தடவைகளுக்கு மேல் அங்கு செல்லவில்லை. அவரது திடுக்கிடலையும் நாம் மதிக்க வேண்டும். தனக்கு மிகப் புனிதமானதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா என்பது விசுவாசி ஒருவருக்குச் சிறிய நிபந்தனையன்று. சேவாக்கிராமத்தில் எவரும் எவரிடமும் அதைக் கேட்கவில்லை.

இலங்கையில் இப்பேச்சு வேறுவிதமாக வளர்ந்தது. கேரளத்தில் 1898 இற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்பித்த ஆபிரகாம் கோவூரை மூத்த வாசகர்கள் நன்கறிவர். (அவரும் தாவரவியல் ஆசிரியரே. செடிகொடிகளுக்கும் ஐயவாதத்துக்கும் என்ன உறவோ!) அற்புத சக்தியை நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா என்று 1963 இல் அவர் விடுத்த சவால் போலிச் சாமிமாரையும் மந்திரவாதிகளையும் நடுங்க வைத்தது. அப்பணி அவசியமானது, இன்றும் அவசியமானது. எனினும் மோசடிக்காரனுக்கு விடும் சவாலை, பேரப்பிள்ளையின் சுகத்துக்காக நேர்த்தி வைக்கும் மூதாட்டியிடமும் நீட்டும் பழக்கம் அவருக்குப் பின்வந்த சிலரிடம் தொற்றிக்கொண்டது. அம்மூதாட்டி எவரையும் ஏமாற்றவில்லை.

மறுபுறத்தில் நம்பிக்கையாளரின் பொறுப்பு இன்னும் பெரியது. ஏனெனில் இங்கு பெரும்பான்மையினர் அவர்களே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்தபோது இந்நாட்டில் உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 35,000 பேர் வரையிலானோரை இழந்தோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சமடைந்திருந்தனர். கோரா கல்கத்தாவிற் கேட்ட கேள்வி அந்த நாட்களில் எமது கரையோரத்திலும் கேட்டது. பிள்ளையின் கை நழுவிப்போன தாய் ஒருத்தி ஏன் என்று கேட்டபோது, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை எனத் தயங்காது விடைகூறியோர் எல்லாச் சமயங்களிலும் இருந்தனர். அவ்விடையைக் கேட்டவர்களுட் சிலர் மௌனமாகத் தமது நம்பிக்கையிலிருந்து விலகினர். வேறு சிலர் அந்நம்பிக்கை ஒன்றையே பற்றிக்கொண்டு எழுந்து நின்றனர். பல வீடுகளில் இவ்விருவரும் கணவனும் மனைவியுமாகவோ, தந்தையும் மகனுமாகவோ ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். விலகியவர் திருவிழாவுக்கும் செல்கிறார், பெருநாள் தொழுகைக்கும் வருகிறார். ஆனால் எதுவும் பேசுவதில்லை. பேசினால் திருமணச் சம்பந்தம் குழம்பும், ஊர் ஒதுக்கும், தாய் அழுவாள் என்ற அச்சம்.

மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பதும், மாற்றுக் கருத்துடையோருடன் அழகிய முறையில் விவாதிக்க வேண்டும் என்பதும் அல்குர்ஆனின் போதனைகள். ஐயத்தைக் கேட்டுத் தெளிவதைச் சைவ மரபின் சாத்திரங்களும் குரு சீடர் உரையாடலாகவே அமைத்துள்ளன. அவ்வாறிருக்க, வீட்டுக்குள் ஐயம் எழுப்பும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதலிற் கிடைப்பது அதட்டலாக இருப்பது ஏன் என்று பெற்றோரும் மதகுருமாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பிள்ளையும், தகப்பனின் தொழுகையோ பூசையோ அறியாமையின் அடையாளம் என்ற முடிவுடன் பேச்சைத் தொடங்கலாகாது. சுனாமி முகாமிற் சமைத்த பானையைத் தூக்கியவர்களுள் நம்பிக்கையாளர் யார், மறுப்பாளர் யார் என்று எவரும் அன்று விசாரிக்கவில்லை. பேச்சை அந்தப் பானையிலிருந்து தொடங்குவது, சொர்க்கத்திலிருந்து தொடங்குவதிலும் இலகுவானது.

சேவாக்கிராமத்துக்குத் திரும்புவோம். கோரா தம் மூத்த மகள் மனோரமாவை, தீண்டத்தகாதோர் எனப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அர்ஜுன ராவ் என்ற இளைஞருக்கு மணமுடித்துக் கொடுக்கத் தீர்மானித்தார். திருமணத்தைச் சேவாக்கிராமத்திலேயே நடத்தி வைப்பதாகக் காந்தி கூறினார். மணமகன் சிலகாலம் ஆச்சிரமத்திற் பயிற்சிபெற வேண்டும் என்று மட்டும் விரும்பினார். ஆச்சிரமத் திருமணங்களில் உறுதிமொழி கடவுளின் பெயரால் எடுக்கப்படுவது வழக்கம். நாத்திகக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்ற பிரச்சினை எழுந்தபோது, கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாக உண்மை என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளக் காந்தி இணங்கினார். நாள்தோறும் இராமநாமம் சொன்ன ஒருவர் தம் ஆச்சிரமத்தின் சடங்கையே மாற்றிக்கொண்டார்.

1948 ஜனவரி 30 ஆம் திகதி, பிரட்லோ இறந்த அதே திகதியில், காந்தி கொல்லப்பட்டார். மார்ச் மாதத்தில், அவர் இல்லாத சேவாக்கிராமத்தில், அவர் நடத்துவதாக வாக்களித்திருந்த அத்திருமணம் நடைபெற்றது.