வண்டிக் கொட்டகையில் தண்ணீர்: வரும் வழியை முதலில் கண்டறியுங்கள்

ஆடி மாதத்தில் காவிரியும் கொள்ளிடமும் கரை தொட்டு ஓடும்போது, வானத்தில் மேகமே இல்லாத நாட்களிலும் ஸ்ரீரங்கம் தீவில் சில வண்டிக் கொட்டகைகளின் தளம் நனைந்து கிடப்பதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம் பக்கத்தில் தண்ணீர் வாசல் வழியாகவே உள்ளே ஓடிவரும். இரண்டும் தண்ணீர்தான். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முன்பு கட்டை வண்டி நின்ற கொட்டகையில் இன்று பவர் டில்லர், ஆயில் என்ஜின், விசைத்தெளிப்பான், உர மூட்டை, விதை நெல் எல்லாம் இருக்கின்றன. தீவில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கூரையைப் பழுது பார்த்தார். உள்சுவருக்கும் சிமெண்ட் பூசினார். ஈரம் நிற்கவில்லை. தரையில் அடுக்கிய விதை நெல் ஓதம் குடித்து, சம்பா நாற்றங்கால் திட்டுத் திட்டாக முளைத்தது. தண்ணீர் கூரை வழியாக வரவில்லை, தரையடியிலிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

செலவில்லாத சோதனை

தளத்தைப் பெருக்கித் துடைத்துக் காயவிடுங்கள். 2 அடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் மட்டும் இருந்தால் அது காற்றின் ஈரம். காற்றோட்டம் இருந்தால் போதும். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் ஒரு முறையும், மழைக்காலத்தில் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

கூரை நீர்

20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 1,850 லிட்டர் தண்ணீர் இறங்கும். இது சுவரடியிலேயே விழுந்தால் கடைகாலை நனைத்து உள்ளே வரும். கூரை விளிம்பு சுவரை விட்டு 2 அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். விளிம்பில் தகரக் குழாய் பொருத்தித் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது.

வாசல் வழி வரும் நீர்

கொட்டகையைச் சுற்றியுள்ள தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். முதல் 6 அடித் தூரத்துக்கு 6 அங்குல வாட்டம் போதும். களர் மண் மழைநீரை எளிதில் உள்வாங்காது; அங்கே இந்த வாட்டம் மிகவும் அவசியம். மேட்டுப் பக்கத்தில் ஓரடி அகல வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கொட்டகைக்கு வருமுன்பே திருப்ப வேண்டும்.

தெருவைவிடக் கொட்டகை தாழ்ந்திருந்தால் வாசலுக்கு முன்னால் குறுக்கே கால்வாய் கட்டி, மேலே இரும்புக் கிராதி போடுங்கள். வாசற்படியில் 2 அங்குல உயரத்துக்குச் சிமெண்ட் மேடு அமைத்து, இரு பக்கமும் சரிவு கொடுத்தால் டயர் தடையின்றி ஏறும். மழைநீர் ஏறாது.

தரையடி ஓதம்

தீவின் வண்டல் மண்ணில் ஆறு உயர்ந்தால் நிலத்தடி நீரும் உயரும். அப்போது உள்ளே பூசும் சிமெண்ட், கீழிருந்து தள்ளும் நீரைத் தாங்காமல் நாளடைவில் பெயர்ந்துவிடும். வாய்க்கால் வெட்டினாலும் அதிலேயே ஊற்று நிற்கும். தளத்தை உயர்த்துவது ஒன்றே வழி. ஓரடி முதல் ஒன்றரை அடி வரை கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துத் திம்மிசு போட வேண்டும். அதன் மேல் கனமான பாலிதீன் தாளை விரித்து, 4 அங்குலக் கான்கிரீட் போடலாம். தளம் ஓரடி உயர்ந்தால் வெளியே 6 முதல் 8 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும்.

பெருவெள்ளம் வந்தால்

1977 நவம்பரிலும் 2005-லும் திருச்சி பெருவெள்ளத்தைக் கண்டது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய நீரை எந்தக் கொட்டகையும் தடுக்காது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, பழைய வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். ஸ்டார்ட்டர், சுவிட்சுப் பெட்டி, பூச்சிமருந்து ஆகியவை அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும்.

விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, தரையிலிருந்து அரையடி உயரப் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்க வேண்டும். நல்ல நெல் விதையில் முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஈரம் பட்டதென்று சந்தேகம் வந்தால், விதைக்குமுன் 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைக்க வைத்து எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சே தண்ணீரில் இருந்தால் அருகில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நனைந்த என்ஜினை இயக்கிப் பார்க்கக்கூடாது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலை வடித்து, மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே இயக்க வேண்டும். மோட்டாரையும் உலர்த்தி, சோதித்த பின்பே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆறு வற்றி, தரை உலர்ந்திருக்கும் சித்திரை, வைகாசியே இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம். சிமெண்ட் வாங்குமுன் பாலிதீன் தாளை விரித்துப் பாருங்கள். எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.