முதல் பிசிடி: கம்மி விலையிலேயே நல்லதா எப்படி வாங்கறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ஸ்கூபா கத்துக்கிட்டவங்க அடுத்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஓபன் வாட்டர் கோர்ஸ் முடிச்சாச்சு. சொந்தமா ஒரு பிசிடி வாங்கணும், பட்ஜெட் கம்மி. எதை வாங்கலாம்?" இன்னைக்கு அதைத்தான் பார்க்கப்போறோம்.

பிசிடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. டைவ் பண்றவங்க சிலிண்டரோட சேர்த்து முதுகுல மாட்டிக்கிற, காற்று நிரப்பக்கூடிய ஜாக்கெட் அது. இடது தோள்ல இருந்து ஒரு குழாய் தொங்கும், அதன் நுனியில ரெண்டு பட்டன் இருக்கும். ஒண்ணை அமுக்கினா சிலிண்டர் காற்று ஜாக்கெட்டுக்குள்ள போகும். குழாயை மேல தூக்கிப் பிடிச்சு இன்னொண்ணை அமுக்கினா வெளிய வரும். மிதக்கறதும், இறங்கறதும், நடுத்தண்ணியில அசையாம நிக்கறதும் இதை வெச்சுத்தான்.

வாங்கணுமா, வேண்டாமா?

முதல்ல உங்க டைவ் சென்டர்ல ஒரு கேள்வி கேளுங்க: "சொந்த ஜாக்கெட் கொண்டுவந்தா எவ்வளவு குறைப்பீங்க?" பல இடங்கள்ல டைவ் கட்டணத்துலயே வாடகை உபகரணமும் சேர்ந்திருக்கும். அங்க நீங்க ஜாக்கெட் கொண்டுபோனாலும் போகலைன்னாலும் பில் ஒண்ணுதான்.

குறைப்பாங்கன்னா ஒரு கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு, நாளுக்கு 500 ரூபாய் குறையுது, ஜாக்கெட் விலை 35,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். போட்ட காசு திரும்ப வர 70 டைவ் நாள் ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தமான் போய் நாலு நாள் டைவ் பண்றவங்களுக்கு அது பதினேழு வருஷத்துக்கு மேல. சர்வீஸ் செலவு வேற. அப்படிப்பட்டவங்க முதல்ல முகத்துக்குச் சரியா உட்கார்ற ஒரு மாஸ்க்கும், அப்புறம் ஒரு டைவ் கம்ப்யூட்டரும் வாங்கறது புத்திசாலித்தனம்.

அடிக்கடி போறவங்களுக்கு, வாடகை ஜாக்கெட் எதுவுமே உடம்புக்குச் செட் ஆகாதவங்களுக்கு, சொந்த பிசிடி நிச்சயமா உதவும். மேல படிங்க.

எவ்வளவு தூக்கணும்?

எல்லாரும் முதல்ல பார்க்கிறது "லிஃப்ட்", அதாவது ஜாக்கெட் தண்ணியில எவ்வளவு எடையைத் தூக்கும்ங்கறது. லேபிள்ல நியூட்டன்ல போட்டிருந்தா பயப்படாதீங்க, 10 நியூட்டன் சுமாரா 1 கிலோ. 20 கிலோ தூக்கறது 14 கிலோ தூக்கறதை விடப் பாதுகாப்புன்னு தோணும். உண்மை அப்படி இல்லை.

ஜாக்கெட் ஈடுகட்ட வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, சிலிண்டர்ல இருக்கிற காற்றோட எடை. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பார் அழுத்தத்துல நிரப்பினா உள்ள இருக்கிற காற்றே ரெண்டரை கிலோவுக்கு மேல இருக்கும். டைவ் முடியும்போது அதுல பெரும்பகுதி தீர்ந்துடும், நீங்க லேசாயிடுவீங்க. கடைசியில மிதந்து மேல போயிடாம இருக்க, அந்த அளவு எடையை ஆரம்பத்துலயே கூடுதலாச் சுமந்துக்கிட்டுத்தான் இறங்கறோம்.

ரெண்டாவது வெட்சூட். அந்த ரப்பருக்குள்ள குட்டிக் குட்டியா காற்றுக் குமிழ்கள் இருக்கு, அதனாலதான் அது மிதக்குது. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, 20 மீட்டர்ல மூணு மடங்கு. குமிழ் நசுங்க நசுங்க மிதப்பும் போயிடும். 3 மில்லிமீட்டர் சூட்ல இந்த இழப்பு ரெண்டு கிலோ பக்கம் வரலாம்.

ரெண்டையும் கூட்டினா சுமார் 5 கிலோ. மேல வந்து தலையைத் தண்ணிக்கு வெளிய வெச்சு படகுக்குக் காத்திருக்கக் கொஞ்சம் கூடுதலா வேணும். ஆக புதுச்சேரி, அந்தமான் மாதிரி வெதுவெதுப்பான கடல்ல, மெல்லிய சூட்டும் அலுமினிய சிலிண்டருமா போறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 12 முதல் 15 கிலோ லிஃப்ட் தாராளம். குளிர்க்கடலுக்கு 7 மில்லிமீட்டர் சூட் போட்டா கணக்கு மாறும்.

பெரிய ஜாக்கெட் ஏன் ஆபத்தாகலாம்?

புதுசா டைவ் பண்றவங்க நிறைய பேர் தேவைக்கு மேல ஈயக்கட்டி கட்டிக்கறாங்க. 4 கிலோ அதிகம்னா அதைச் சமாளிக்க ஜாக்கெட்ல 4 லிட்டர் காற்று கூடுதலா நிக்கணும். 10 மீட்டர்ல இருக்கிற அந்த 4 லிட்டர், வெளியேத்தாம மேல வந்தா, மேல்மட்டத்துல 8 லிட்டர் ஆயிடும். விரிய விரிய இன்னும் வேகமாத் தூக்கும். கட்டுப்பாடு இல்லாம வேகமா மேல வர்றது டைவிங்ல பெரிய ஆபத்துகள்ல ஒண்ணு. அந்த நேரத்துல மூச்சைப் பிடிச்சா நுரையீரல் கிழியலாம்.

அதனால ஜாக்கெட் தேடறதுக்கு முன்னாடி எடையைச் சரிபாருங்க. உங்க சூட்டைப் போட்டு, ரெகுலேட்டர் வாயில இருக்க, ஜாக்கெட்டை முழுசாக் காலி பண்ணிட்டு, கடல் தண்ணியில நேரா நில்லுங்க. சாதாரணமா இழுத்த மூச்சைச் சில வினாடி நிறுத்தினா தண்ணி கண் மட்டத்துல நிக்கணும், மூச்சை விட்டா மெதுவா இறங்கணும். சிலிண்டர் காலியாகப்போற நேரத்துல இதைச் செஞ்சா துல்லியமா இருக்கும். நிரம்பின சிலிண்டரோட செஞ்சா, மேல 2 கிலோ சேர்த்துக்கோங்க. உங்க இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கும்போது செய்யுங்க. எடை சரியானா சின்ன ஜாக்கெட்டே போதும்னு தெரியும். காசும் மிச்சம்.

காசை எங்க போடறது?

பொருத்தத்துல. வெட்சூட்டோட போட்டு, முழுசா காற்று நிரப்பிப் பாருங்க. நெஞ்சு இறுகி மூச்சு முட்டினா வேண்டாம். நண்பர் ஒருத்தரை விட்டுத் தோள் பட்டையை மேல இழுக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறினா, தண்ணியிலயும் அப்படித்தான் ஏறும். உயரம் கம்மியானவங்களும் பெண்களும் உடல்நீளத்தையும் நெஞ்சுப் பட்டை எங்க வருதுன்னும் கவனிங்க. எல்லாருக்கும் பொதுன்னு வர்ற மாடல் எல்லாருக்கும் பொருந்தாது.

அடுத்து வால்வுகள். காற்றை அவசரமா வெளியேத்த வலது தோள்லயும் கீழ் முதுகுப் பக்கமும் ஒவ்வொண்ணு இருந்தா, எந்த நிலையில இருந்தாலும் ஒண்ணு கைக்கு எட்டும்.

காசு மிச்சம் பண்ணக்கூடிய இடங்களும் இருக்கு. ஜாக்கெட்லயே எடை மாட்டற பை வசதிதான், ஆனா சாதாரண வெயிட் பெல்ட் அதே வேலையைக் குறைஞ்ச விலையில செய்யும். எதுவானாலும் ஒரே இழுப்புல கழட்ட முடியணும். பத்து வளையம், ஆறு பாக்கெட் எல்லாம் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குத் தேவையில்லை. விமானத்துல போறவங்க ஜாக்கெட்டோட எடையைப் பாருங்க. 15 கிலோ லக்கேஜ்ல 4 கிலோ ஜாக்கெட்டுக்கே போனா, அதுவும் செலவுதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்களா?

தாராளமா. ஆனா இதெல்லாம் பார்த்துட்டு:

- முழுசா நிரப்பி ராத்திரி முழுக்க வைங்க. காலையில தொய்ஞ்சிருந்தா கசிவு இருக்கு.
- சிலிண்டர்ல மாட்டி, காற்று ஏத்தற பட்டனைப் பலமுறை அமுக்கி விடுங்க. விரலை எடுத்ததும் சத்தம் நிக்கணும். தொடர்ந்து மெல்ல ஏறிக்கிட்டே இருந்தா, சர்வீஸ் செலவை விலையில கழிங்க, இல்ல விட்டுடுங்க.
- ஒவ்வொரு வால்வையும் இழுத்து விட்டு, சோப்புத் தண்ணி தடவிக் குமிழ் வருதான்னு பாருங்க.
- உள்ள தண்ணி ஊத்திக் குலுக்கி வடிங்க. உப்புத் துகளோ கெட்ட வாடையோ வந்தா சரியாக் கழுவாம வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.
- சிலிண்டரைப் பிடிக்கிற பட்டை, பக்கிள், தையல் மூணுலயும் விரிசல், பிரிசல் தேடுங்க.
- அந்த மாடலுக்கு உதிரிபாகம் உங்க ஊர்ல கிடைக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

தண்ணிக்குள்ள காற்று ஏத்தற பட்டன் சிக்கிக்கிட்டா, காற்றை வெளியேத்திக்கிட்டே, ஜாக்கெட்டுக்குக் காற்று கொண்டுவர்ற சின்னக் குழாயைக் கழட்டணும். எந்த ஜாக்கெட் வாங்கினாலும், கண்ணை மூடிக்கிட்டு இதைச் செய்ய வர்ற வரைக்கும் கரையிலயே பழகுங்க.

கடைசியா ஒண்ணு. பிசிடி உயிர்காக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. மயங்கினவரோட முகத்தைத் தண்ணிக்கு மேல வெச்சிருக்கும்னு எந்த விலை ஜாக்கெட்டும் உத்தரவாதம் தராது. அதுக்கு பக்கத்துல நீந்தற உங்க பட்டி வேணும். டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில உள்ளயும் வெளியயும் கழுவி, பாதி காற்றோட நிழல்ல தொங்கவிடுங்க. கம்மி விலை ஜாக்கெட்டும் பல வருஷம் உழைக்கும்.

நீங்க பார்த்து வெச்சிருக்கிற மாடல்ல சந்தேகம் இருந்தா, உங்க எடை, சூட் தடிமன், எந்தக் கடல்ங்கற மூணையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.