வெளுப்பவர் இட்ட குறி

ஈப்போ நகர வீதிகளில் 'டோபி' என்னும் பெயர்ப் பலகைகளைக் காணலாம். மலாய் மொழியில் இச்சொல் வெளுப்பகத்தையும் வெளுப்புத் தொழிலையும் குறிக்கும். வண்ணாரைக் குறிக்கும் 'தோபி' என்னும் இந்திச் சொல்லே இது. கழுவுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் துரைமாரின் வெள்ளாடைகளை வெளுத்தோரும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். சிங்கப்பூரின் 'டோபி காட்' என்பது வெளுப்போர் படித்துறை எனப் பொருள்படும்.

பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வேகும். அவை மாறாமல் உரியவரிடம் சேர்வது எங்ஙனம்? துணியின் ஓரத்தில் சேங்கொட்டையின் கருஞ்சாற்றால் குறி இடுவர். சுண்ணாம்பு சேர்ந்த அக்கறை நீருக்கும் சவர்க்காரத்திற்கும் அழியாது. புள்ளியும் கோடுமாக வீட்டுக்கு ஒரு குறி. அதனை ஏட்டில் எழுதி வைப்பதில்லை. வெளுப்பவரின் நினைவே ஏடு.

இன்று விமான நிறுவனங்களும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றன. நெடுந்தொலைவு செல்லும் விமானம் தரையிறங்கியதும், பயணிகள் பயன்படுத்திய போர்வைகளும் தலையணை உறைகளும் மூட்டையாகக் கட்டப்பட்டு வெளுப்பாலைக்குச் செல்கின்றன. ஆங்கு அவை வகை பிரிக்கப்பட்டு, வெந்நீரில் வெளுக்கப்பட்டு, உலர்த்தி மடித்து உறையிடப்படுகின்றன. துபாயில் எமிரேட்ஸ் விமானத்துக்கு உணவு வழங்கும் நிறுவனம், லினன்கிராஃப்ட் என்னும் பெயரில் ஒரு வெளுப்பாலை நடத்துகிறது. ஒரு தொகுதி வானில் இருக்கும்போது இன்னொன்று ஆலையிலும் மற்றொன்று கிடங்கிலும் இருத்தல் வேண்டும். எனவே கணக்குத் தவறலாகாது. இதற்காகப் பெரிய வெளுப்பாலைகள் பலவற்றில் துணியின் ஓரத்தில் சிறு சில்லு தைக்கப்படுகிறது. வானலை கொண்டு வினவினால் அது தன் எண்ணைச் சொல்லும். அத்துணி எத்தனை முறை வெளுக்கப்பட்டது என்பதும் அதனால் தெரியும்.

சேங்கொட்டைக் குறி செய்த வேலையைச் சில்லு விரிவாகச் செய்கிறது. சில்லைப் படைத்தவரை அறிவியலார் எனப் போற்றுகிறோம். குறி இட்டவரையோ பிறப்பால் தாழ்ந்தவர் என ஒதுக்கினோம். இவ்வேற்றுமை அறிவினால் வந்ததன்று.

புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் களர்நிலத்தை நாடியது ஏன்? அம்மண்ணின் காரம் நெய்ப்பசையைக் கரைத்து அழுக்கை நீக்கும். இன்றைய ஆலைகளின் சலவைத்தூளிலும் காரமே தொழில்புரிகிறது. அப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், வீரனின் சிறப்போடு அவ்வாடையை வெளுத்தவளின் அறிவையும் மாணவர்க்கு எடுத்துக் காட்டுதல் நன்று.