ஊவா மலைநாட்டு உருண்டைக் கற்களும் கல்லாகிய முட்டைகளும்

பதுளை, பசறை, ஹாலி-எல, தெமோதரைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் கான் வெட்டுவோரும் பாதை அமைப்போரும் மண்ணுள்ளிருந்து உருண்டைக் கற்களை வெளிக்கொணர்தல் வழக்கம். அவற்றுட் சில முட்டை வடிவின. மேலே ஓடு போன்றதொரு படை காணப்படும்; தட்டினால் அது கழன்று உள்ளே கரு போன்ற வன்கல் தோன்றும். இதனை ஆதிகால விலங்கின் முட்டையெனக் கருதுவோரை நகைத்தல் தகாது. கண்டதற்கு அவர்கள் கூறும் விளக்கம் இயல்பானதே. ஆயின் கல்லின் வடிவை ஆராயுமுன் அது கிடந்த நிலத்தை ஆராய்தல் வேண்டும் என்பது புவிச்சரிதவியலார் கைக்கொள்ளும் முறையாகும்.

இம்முறையின் பயனை இந்திய எடுத்துக்காட்டுகள் இரண்டு தெளிவாக்கும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலுள்ள பாட்லியா என்னும் ஊரில் உழவர் உருண்டைக் கற்கள் சிலவற்றைத் தம் வயலையும் மாட்டையும் காக்கும் பைரவராக வழிபட்டு வந்தனர். அவை தைத்தனோசோர் என்னும் பேருரு டைனோசோரின் முட்டைகள் என அறிஞர் இனங்கண்டமை 2023இல் வெளியாயிற்று. நருமதைப் பள்ளத்தாக்கின் அப்பகுதி ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடையற் பாறைகளைக் கொண்டது. ஆதலின் அங்கு முட்டை கிடைத்தல் பொருந்தும். மாறாக, 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டுப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரியொன்றிற் கிடைத்த உருண்டைகள் டைனோசோர் முட்டைகளெனச் செய்தி பரவியது. ஆராய்ந்தோர் அவற்றைக் கடலடிச் சேற்றில் உருவான திரட்சிக் கற்கள் என்றனர். அந்நிலம் அம்மொனைற்றுகள் வாழ்ந்த பண்டைக் கடலின் அடித்தளமாகும்.

ஊவாவின் நிலம் இவ்விரண்டினின்றும் வேறானது. பதுளை மாவட்டம் இலங்கையின் உயர்நிலத் தொகுதியைச் சார்ந்தது. சார்னோக்கைற்று, கார்னெற்றுச் செம்மணிகள் செறிந்த நைசு, படிகப்பாறை, பளிங்கு என்பன அதன் பாறைகள். இவை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புவியோட்டின் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. டைனோசோர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். முட்டையிடும் விலங்கு பிறக்குமுன்னரே இப்பாறை பிறந்துவிட்டது. அவ்வாறாயின், பிற்கால மண்ணில் ஒரு முட்டை புதைந்திருத்தல் கூடாதோ எனின், தேயிலை செழிப்பது அமில மண்ணில் என்பதை நினைவுகூர்க. முட்டையோடு கல்சியங் காபனேற்றினால் ஆயது. மழை மிக்க அம்மண்ணில் அது நெடுங்காலம் கரையாது நிற்றல் அரிது.

அங்ஙனமாயின் உருண்டை வடிவம் எவ்வாறு வந்தது? பாறையிற் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உள்ளன. அவை பாறையைக் கட்டிகளாகப் பிரிக்கின்றன. வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் கட்டியின் தட்டையான முகத்தை ஒரு திசையிலிருந்தும், விளிம்பை இரு திசைகளிலிருந்தும், மூலையை மூன்று திசைகளிலிருந்தும் தாக்கும். ஆதலால் மூலைகள் முதலிற் சிதைந்து மண்ணாகின்றன, எஞ்சுவது உருண்டை. வெங்காயத் தோல் போல் அடுத்தடுத்துப் படைகள் உரிவதும் இச்சிதைவினாலேயே. வெளிப்படையிலுள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகும். உட்கல் கரும்பச்சை நிறம் மாறாதிருக்கும். மக்கள் ஓடும் கருவும் எனக் கண்டவை இவையே.

கையிலுள்ள கல்லைச் சோதிப்போர் நோக்க வேண்டியது அதன் ஓட்டினை. தைத்தனோசோர் முட்டையின் ஓடு பெரும்பாலும் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. எங்கும் ஏறத்தாழ ஒரே அளவினது. உருப்பெருக்கியில் நுண்டுளைகளும் சிறு புடைப்புகளும் தெரியும். அதன் உட்புறத்தை நிரப்பியிருப்பது வேறு பொருள், பெரும்பாலும் மணலோ சேறோ. சிதைவுப் படையோ ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். ஒன்றன்கீழ் மற்றொன்றாகப் பல படைகள் காணப்படும். உடைந்த முகத்தில் உள்ளிருக்கும் படிகமணியும் செம்மணியும் படையினுள்ளும் தொடர்ந்து செல்வதைக் காணலாம். ஓடும் உள்ளும் ஒரே கல் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. அளவும் உதவும்: ஒரு கூட்டின் முட்டைகள் ஏறத்தாழ ஒத்த அளவின, சரிவிலுள்ள கற்களோ கைப்பிடியளவு முதல் வீட்டளவு வரை வேறுபடும்.

அமிலச் சோதனையை மட்டும் நம்புதல் ஊவாவில் ஆபத்தானது. ஐதரோக்குளோரிக்கமிலம் பட்டால் முட்டையோடு நுரைக்கும் என்பது உண்மையே. ஆனால் பளிங்கும் நுரைக்கும். தேயிலை மலைகளிற் புளிப்பைக் குறைக்க இடும் தொலமைற்றுத் தூள் கல்லிற் படிந்திருந்தால் அதுவும் மெல்ல நுரைக்கும்.

இலங்கையில் உயிர்ச்சுவடுகள் இல்லை என்பது இதன் பொருளன்று. புத்தளம் மாவட்டத்துத் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகளும், யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணாம்புக்கல்லிற் கடலுயிர்ச் சுவடுகளும், இரத்தினபுரி மணிக்கற் சரளையில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்துள்ளன. ஊவாவுக்குரிய பழமைச் சான்று வேறொன்று. பண்டாரவளைக் குன்றுகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கற்கால மாந்தரின் சிறு கருவிகள் சேகரிக்கப்பட்டன. அவை பெரும்பாலும் விரல்நுனியளவான வெண்படிகச் சில்லுகள். உருண்டைக் கல்லைத் தூக்கி வியப்போர் காலடியில் மிதிபடுவன அவையாகவும் இருக்கலாம்.