ஏரியைச் சுற்றும் பாதையும் நம் கடைவாசலே

கொள்முதல், வரி என்று பேசும் நம் இதழில் நடைபாதைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதிலும் நம் வியாபாரம் அடங்கியிருக்கிறது.

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863ல் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். அதைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. நம் வயதுக்காரர்களும் நின்று நிதானித்து நடந்துவிடலாம். 1872ல் கோக்கர் என்ற ஆங்கில அதிகாரி அமைத்த ‘கோக்கர்ஸ் வாக்’ மலை விளிம்பில் சுமார் 1 கிலோமீட்டர். மேகம் விலகினால் சமவெளி ஊர்கள் கீழே தெரியும்.

வண்டியில் வருபவர் நாலு இடத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். நடப்பவர் அப்படியல்ல. குளிருக்குச் சூடாக டீ கேட்பார், வேர்க்கடலை வாங்குவார், ஊருக்குக் கொண்டுபோக யூகலிப்டஸ் தைலமும் மலைப்பூண்டும் விலை கேட்பார். ஒருவர் நடந்தால் பல கடைக் கல்லாவில் காசு விழும்.

இதில்தான் ஒரு வருத்தம். சென்ற சீசனில் ஏரிக்கரையில் நடந்து களைத்து உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் நம் தொழில் பூண்டு மொத்த வியாபாரம் என்றதும், பக்கத்திலிருந்த அம்மாள் பையைத் திறந்து, “ஐயா, இது மலைப்பூண்டுதானே?” என்றார். பார்த்ததும் தெரிந்தது, வெளி மாநிலப் பூண்டு. உண்மையைச் சொன்னோம். “இனி இங்கே ஒரு பொருளும் வாங்க மாட்டேன்” என்றார். விற்றவர் யாரோ, தலை குனிந்தது நாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் கூடியது, நெடுநாள் கெடாதது. அந்தப் பெயரைக் கிலோவுக்கு நூறு ரூபாய் லாபத்துக்காக இழக்கலாமா? இரண்டு ரகத்தையும் தனித்தனிக் கூடையில் வைத்து, பெயரும் விலையும் எழுதிப் போடுங்கள். எது வேண்டுமோ வாங்கட்டும்.

அடுத்தது குப்பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. கொடைக்கானலில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. இதை நஷ்டமென்று எண்ண வேண்டாம். கடையில் குடிதண்ணீர் கேன் வையுங்கள். கொண்டுவரும் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்து நியாயமான காசு வாங்குங்கள். கடலையைக் காகிதப் பொட்டலமாகக் கட்டுங்கள். வாசலில் ஒரு குப்பைக் கூடை வையுங்கள். தண்ணீருக்கு நின்றவர் வேறு பொருளும் வாங்குவார்.

ஏற்காடானாலும் ஊட்டியானாலும் ஏரிக்கரைக் கடைக்காரருக்குக் கணக்கு ஒன்றுதான். காலையில் கடை திறந்ததும் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறோம். நம் வாடிக்கையாளர் நடந்துவரும் பாதையும் அந்த வாசலோடு சேர்ந்ததே. அங்கே குப்பை கிடந்தாலும், அங்கே ஒருவர் ஏமாந்தாலும், ஆள்வரத்து குறைவது நம் கடைக்குத்தான்.