குடலைத் தொட ஒரு கை

அதிராம்பட்டினம் பக்கம் யாருக்காவது பெருங்குடலில் கட்டி என்றால் பட்டுக்கோட்டையில் ஸ்கேன், பிறகு தஞ்சாவூர். அங்கே கூடப் போனவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “வயித்தைக் கிழிக்கணுமா டாக்டர், ஓட்டை போட்டே எடுத்துடலாமா?” இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. சர்ஜனின் ஒரு கை வயிற்றுக்குள் போய்ச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அது.

வழக்கமான லேப்ராஸ்கோப்பியில் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையில் நாலைந்து துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளக் கருவிகள். வள்ளத்தில் சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும் அல்லவா? இங்கேயும் கை ஒரு பக்கம் போனால் கருவியின் முனை மறுபக்கம் போகும். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். கோவையில் டாக்டர் சி. பழனிவேலு இதைக் குடல், உணவுக்குழாய் வரை கொண்டுபோனார்.

பித்தப்பை சிறு துளை வழியாகவே வெளியே வந்துவிடும். கட்டியோடு வெட்டிய குடல் வராது. அதை எடுக்க எப்படியும் 4 முதல் 6 சென்டிமீட்டர் கீற வேண்டும். அந்தக் கீறலை 7, 8 சென்டிமீட்டராக ஆரம்பத்திலேயே போட்டு, வாயு கசியாத ஜெல் மூடி வழியே இடது கையை உள்ளே விடுகிறார் சர்ஜன். வலது கையில் கருவி.

கருவிக்குத் தொடுவுணர்ச்சி மிகக் குறைவு. சிறிய கட்டியாக இருந்தால் கொலனோஸ்கோப்பியின்போதே கறுப்பு மை குத்தி அடையாளம் வைப்பது அதனால்தான். விரலோ குடலை மெல்ல வருடியே கட்டி எங்கே என்று கண்டுபிடிக்கும். வெட்டப்போகும் ரத்தக்குழாயின் துடிப்பை உணரும். ரத்தம் பீறிட்டால் அந்த நொடியே அழுத்திப் பிடிக்கும். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இடப்பக்கக் குடலை எடுக்கும் அறுவையில் இதனால் சுமார் அரை மணி நேரம் மிச்சமானது. வலியிலும் வீடு திரும்பும் நாளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

குறைகளும் உண்டு. ஒல்லியான, குள்ளமான உடம்பில் கையே இடத்தை அடைத்துக்கொள்ளும். இடுப்புக்குழியில் மலக்குடல் வேலை என்றால் கேமராவை மறைக்கும். சர்ஜனின் மணிக்கட்டு மரத்துப்போகும். மூடிக்குத் தனிச் செலவு. சின்னக் கட்டிக்கு, கை பழகிய சர்ஜன் கிடைத்தால், வெறும் துளைகளே மேல் என்பேன்.

பெரிய கட்டி, முந்தைய ஆபரேஷனால் ஒட்டிப்போன குடல் என்றால் கதை வேறு. முழுக்கக் கிழிப்பதற்கு முன் கையை விட்டுப் பார்க்கலாம். அதோடு முடிந்துவிடும் கேஸ்கள் இருக்கின்றன.